துறைமுகம் டில்லிக்கு, துயரம் மட்டும் நமக்கா?

1314இல் பானக்பர்ன் களத்திலே ஆங்கிலப் பெரும்படையை விரட்டியடித்தான் ஸ்காட்லாந்து மன்னன் இராபர்ட் புரூஸ். வாள் வென்றது, ஆனால் 1707இல் ஏட்டிலே எழுதிய இணைப்பொன்று எடின்பரோப் பாராளுமன்றத்தை இல்லாமற் செய்தது. அதை மீட்க வாள் தேவைப்படவில்லை, வாக்குச்சீட்டு போதுமாயிருந்தது. 1999இல் பாராளுமன்றம் மீண்டும் கூடிற்று. 2014இல் பிரிவினை பற்றியே மக்களைக் கேட்டனர். நூற்றுக்கு 55 பேர் வேண்டாமென்றனர். கேட்டதால் பிரிட்டன் சிதறிவிடவில்லை.

நம் கதை என்ன? 1949 செப்டம்பரில், இராயபுரம் இராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையிலே திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது. திராவிட நாடு கேட்டது. 1963இல் அரசியல் சட்டத்தின் 16ஆவது திருத்தம் வந்தது. பிரிவினைக் கோரிக்கை கைவிடப்பட்டது. வீடு தனியே வேண்டாம், வீட்டிலே உரிமை வேண்டும் என்றோம். 1969இல் இராசமன்னார் குழு. 1974இல் சட்டமன்றத்திலே மாநில சுயாட்சித் தீர்மானம். கிடைத்தது என்ன?

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியே எண்ணூர் வரை நடந்து பாருங்கள், விடை கிடைக்கும்! பெருந்துறைமுகங்கள் மத்தியப் பட்டியலில். மீன்வளமோ மாநிலப் பட்டியலில். அதாவது கப்பல் அவர்களுடையது, வலை நம்முடையது. 2017இல் எண்ணூருக்கு அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, வாளியால் அள்ளியவர் யார்? 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்திலே படர்ந்தபோது, படகும் வலையும் கறுத்து நின்றவர் யார்? நம் மீனவர்!

மாநிலத்துக்குப் பொறுப்பில்லையா எனக் கேட்பீர். உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நம்முடையது. அது உறங்கினால் தட்டி எழுப்புவது நம் கடமை. ஆனால் பொறுப்பைச் சுமப்பவனுக்கு அதிகாரமும் வேண்டாமா? பெருந்துறைமுகங்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, சென்னைத் துறைமுக நிர்வாகக் குழுவில் மாநில அரசுக்கு ஒரே ஒரு இடம்! பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒன்று, இரயில்வேக்கு ஒன்று, சுங்கத்துக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்கும் ஒன்று. மண் தந்தவன், மீன்பிடித் துறை இழந்தவன், மூச்சிலே புகை சுமப்பவன் அங்கே பலரில் ஒருவன்!

"துறைமுகம் நாட்டின் வாயில், அதில் மாநிலம் தலையிட்டால் ஒருமைப்பாடு குலையும்" என்பர். ஸ்காட்லாந்திலே பாதுகாப்பு இலண்டனிடம். துறைமுகக் கொள்கையோ எடின்பரோவிடம். குலைந்தா போயிற்று பிரிட்டன்?

நாம் கேட்பது கோட்டையை அல்ல. கரையிலே நம் பங்கை. துறைமுக நிர்வாகத்தில் மாநிலத்துக்குச் சரிபாதிக் குரல், மீனவர்க்கு அவையிலே இடம், வருவாயில் வடசென்னைக்கு ஒரு பகுதி. இதைத் தர மறுப்போர் ஒருமைப்பாடு பேசுவது, உழுதவனை வரப்பிலே நிறுத்திவிட்டு உறவு கொண்டாடுவதாகும். வாக்கு கேட்டு வருவோரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். விடை பெற்ற பிறகே வாக்களியுங்கள்!