‘நன்றாயிருக்கிறது’ என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்

கல்விக் கடனுக்குக் காலக் கணக்கு ஒன்று உண்டு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தின்படி, படிப்புக் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டுக் காலத்திலும் தவணை செலுத்த வேண்டியதில்லை. ஆயினும் அவ்வோராண்டிலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். பொறியியலோ வணிகவியலோ படித்தவர் அந்த ஓராண்டில் மதிப்பெண் பட்டியலைக் கையில் ஏந்திக்கொண்டு வேலை தேடுகிறார். வரைகலை வடிவமைப்புப் படித்தவருக்கு அந்தத் துணை பெரிதும் உதவுவதில்லை. வேலை கொடுப்பவர் கேட்பது ‘போர்ட்ஃபோலியோ’ எனப்படும் படைப்புத் தொகுப்பை. சில நிமிடங்கள் அதைப் புரட்டுகிறார், பிறகு மௌனம். எந்தப் பக்கத்தில் அவருடைய மனம் விலகிற்று என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. அதே தொகுப்பு அடுத்த நிறுவனத்திற்குப் போகிறது, அங்கும் மௌனம். ஓராண்டு இப்படியே கரைந்துவிடக் கூடும்.

திருவனந்தபுரத்தில் இது சிலருடைய கவலை மட்டும் அன்று. பாளையத்தில் உள்ள நுண்கலைக் கல்லூரி 1888-இல் பள்ளியாகத் தொடங்கி 1975-இல் கல்லூரியானது. பயன்முறைக் கலை அங்கே தனிப் பாடப்பிரிவாகவே கற்பிக்கப்படுகிறது. 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் கழக்கூட்டத்தில் இருக்கிறது. மென்பொருள் நிறுவனங்களோடு அசைவூட்டப் பட நிறுவனமும் அங்கே இயங்குகிறது. அச்சகங்களும் விளம்பர நிறுவனங்களும் நகரெங்கும் உண்டு. சாலைக் கடைவீதியின் தமிழ் வணிகர்களுக்கும் பெயர்ப்பலகையும் பை அச்சும் வேண்டியிருக்கின்றன. படிக்கும் இடமும் பணியிடமும் ஒரே நகரில் இருந்தும், இடையே ‘உன் தொகுப்பில் இன்னது குறை’ என்று எடுத்துச் சொல்லும் ஒருவர் மட்டும் எளிதில் கிடைப்பதில்லை.

வீட்டில் கிடைப்பதோ வேறு. தாயும் தந்தையும் பார்த்துவிட்டு, ‘நன்றாயிருக்கிறது’ என்கிறார்கள். அன்பினால் சொல்லும் சொல் அது, குறை கூறுவதற்கில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கொண்டு ஒரு பக்கத்தைக்கூட மாற்ற முடியாது. நிறுவனத்தின் மௌனமும் வீட்டின் பாராட்டும் பார்வைக்கு எதிரெதிரானவை. பயனின்மையில் ஒன்றே என்பது நம் கருத்து.

வங்கியில் இதற்கு நேர்மாறான பழக்கம் ஒன்று உண்டு. சிறுதொழில் கடனுக்காக வரும் திட்ட அறிக்கையை நாம் திருப்பி அனுப்பும்போது, அதன்மேல் குறிப்பு எழுதுகிறோம்: நடைமுறை மூலதனத்தின் கணக்கு விற்பனை மதிப்பீட்டோடு பொருந்தவில்லை, இயந்திரத்திற்கான விலைப்புள்ளி இணைக்கப்படவில்லை, மூன்றாம் ஆண்டின் இலாபம் எதன் அடிப்படையில் கணக்கிடப்பட்டது என்பது விளங்கவில்லை. விண்ணப்பதாரருக்கு அப்போது முகம் சுருங்கும். ஆனால் அடுத்த முறை வரும்போது அறிக்கை திருந்தியிருக்கும். ‘அறிக்கை நன்றாயிருக்கிறது, ஆனால் கடன் இல்லை’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் அவர் என்ன செய்வார்? வரைகலைஞரின் தொகுப்பையும் ஒரு திட்ட அறிக்கையாகவே கொள்ளலாம். ‘இந்தப் பணியை என்னிடம் ஒப்படைக்கலாம்’ என்பதற்கு அவர் காட்டும் சான்று அது. சான்றைப் பரிசீலிப்பவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்.

இதே நகரில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் இளைஞரை இங்கே நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. கிளிமானூரிலிருந்து சிறுவயதிலேயே திருவிதாங்கூர் அரசவைக்கு வந்த ரவிவர்மா, ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் ஓவியம் பயின்றார். நீர்வண்ணத்தை அரண்மனை ஓவியர் இராமசாமி நாயுடுவிடம் கற்றார். எண்ணெய் வண்ணத்தின் நுட்பங்களைச் சொல்லித்தர நாயுடு முன்வரவில்லை. 1868-இல் தியோடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். தாம் வரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க அனுமதித்தார், கற்றுத் தரவில்லை. அறிந்தவர் இருவர் அருகிலிருந்தும் வாய் திறக்கவில்லை. நாயுடுவின் மாணவரான ஆறுமுகம் பிள்ளை என்பவரே மறைவாக உதவினார் என்று ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். தமிழ்ப் பெயர் என்பதால் நமக்கு அவர்மேல் ஒரு தனிப் பரிவு!

அரண்மனையில் அவருக்குப் பாராட்டுக்குக் குறைவிருந்திராது. அதோடு நின்றிருந்தால் அவர் ஓர் அரசவை ஓவியராகவே இருந்திருப்பார். 1873-இல் சென்னையில் நடந்த நுண்கலைக் கண்காட்சிக்கு, கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் பெண்ணின் படத்தை அனுப்பினார். அவரை அறியாத, அவருடைய குடும்பத்தையும் மன்னரையும் பொருட்படுத்த வேண்டிய கட்டாயமில்லாத நடுவர்கள் அதைப் பார்த்தார்கள். ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டில் வியன்னா கண்காட்சியிலும் பரிசு பெற்றார். தெரிந்தவர்களின் சொல்லை விட்டுத் தெரியாதவர்களின் தீர்ப்புக்குத் தம் படத்தை உட்படுத்திய அந்தத் துணிவே, தொகுப்பை அனுப்பும் ஒவ்வோர் இளைஞரிடமும் இன்று வேண்டப்படுவது.

அவருக்குக் கிடைத்த மற்றொரு கருத்து ஓவியரிடமிருந்து வந்ததன்று. திருவிதாங்கூரின் முன்னாள் திவான் சர் டி. மாதவராவ், அப்படங்களை வாங்க விரும்புவோர் பலர், வரைந்து கொடுக்கவோ அவர் ஒருவரே என்பதைக் கண்டு, படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி எண்ணெய் வண்ண அச்சுப் பிரதிகளாக எடுக்கலாமே என்று யோசனை கூறினார். நிருவாகியின் கண்ணுக்கே படும் குறிப்பு அது. 1894-இல் ரவிவர்மா பம்பாயில் தம் பெயரிலேயே அச்சகம் தொடங்கினார். சரசுவதியும் இலட்சுமியும் நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் ஏறினார்கள். அச்சகம் வாணிகத்தில் அவருக்கு நட்டமாகவே முடிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; கணக்கு எழுதுபவர்களான நாம் அதை மறைத்தல் தகாது. எனினும், கலை தெரியாதவரின் கருத்து பயனற்றது என்று எண்ணும் இளைஞர் மாதவராவின் யோசனையைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். ரவிவர்மாவின் படங்கள் இன்று அருங்காட்சியக வளாகத்தில் இருக்கின்றன. அனுமதிச் சீட்டு வாங்கிச் சென்று பார்க்கலாம்.

அப்படியானால் யாரிடம், எப்படிக் கேட்பது? ‘என் தொகுப்பு எப்படி இருக்கிறது?’ என்ற வினாவுக்கு ‘நன்று’ என்பதைத் தவிர வேறு விடை வருவதற்கில்லை. வினாவே விடையை அப்படி அமைத்துவிடுகிறது. ‘இந்தச் சுவரொட்டியைப் பார்த்தவுடன் எதை முதலில் படித்தீர்கள்? நிகழ்ச்சி எந்த நாளில் என்று கண்டுபிடிக்க முடிந்ததா? இந்தப் பன்னிரண்டில் இரண்டை நீக்க வேண்டுமானால் எவற்றை நீக்குவீர்கள்?’ என்று கேட்டால், மறுமொழி தானாகவே கூர்மை பெறும். இவற்றில் கடைசி வினா மிகவும் பயன்தருவது. எதையும் குறைகூறத் தயங்குபவர்கூட, நீக்கச் சொன்னால் நீக்கிவிடுகிறார். மூவர் தனித்தனியே ஒரே பக்கத்தை நீக்கினால் வாதாடுவதில் பொருளில்லை. ஒருவர் மட்டும் நீக்கினால் அது அவருடைய சுவையாக இருக்கலாம்.

ஆசிரியர், அதே துறையில் ஐந்தாறு ஆண்டுகள் முன்னே சென்றவர், அந்த வடிவமைப்பைப் பயன்படுத்தப் போகிறவர் ஆகிய மூவகையினரிடமும் காட்டுவது நன்று. மூன்றாமவரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மருந்துக் கடைக்காக வரைந்த பெயர்ப்பலகையை மருந்துக் கடைக்காரர் ஒருவர் பார்த்தாரா? இரவில் தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து எழுத்து தெரியுமா என்பதை அவர்தான் முதலில் கேட்பார்.

எழுத்தைப் பற்றிச் சொல்லும்போது இந்நகருக்கே உரிய ஒன்றையும் குறிப்பிட வேண்டும். மலையாள எழுத்தில் 1971-இல் சீர்திருத்தம் வந்தது. கூட்டெழுத்துகள் பல பிரித்து எழுதப்பட்டன. பின்னர் கணினி எழுத்துருக்கள் வந்தபோது பழைய வடிவங்களும் திரும்பின. இன்று இரண்டும் கலந்து புழங்குகின்றன. தமிழிலும் 1978-இல் ணை, லை, னை போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்கள் மாறின. ஆங்கில எழுத்துருவை மட்டும் கொண்டு பக்கங்களை அமைக்கும் மாணவர், மலையாளமும் தமிழும் சேர்ந்து வரும் ஒரு பலகையைத் தொகுப்பில் வைத்தாரானால், அதைக் காண்பவர் நின்று பார்ப்பார் என்றே நம்புகிறோம். இல்லாத காப்பிக் கடைக்கு வரைந்த இலச்சினைகள் எல்லாத் தொகுப்புகளிலும் இருக்கின்றன. இருக்கின்ற ஒரு படிவத்தை, வேண்டுமானால் நம் வங்கியின் பணம் செலுத்தும் சீட்டையே, எளிதாகத் திருத்தி அமைத்துக் காட்டியவர் மிகச் சிலர்.

முடிவான படத்தை மட்டும் காட்டுவது போதாது என்பதற்கு நம் சட்டைப் பையிலேயே ஒரு சான்று இருக்கிறது. ரூபாய்க்கு ஒரு குறியீடு வேண்டும் என்று நடுவண் அரசு 2009-இல் போட்டி அறிவித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. அவற்றுள் ஐந்து இறுதிக்குத் தேர்ந்தன. 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை ஏற்றது தமிழ்நாட்டைச் சேர்ந்த த. உதயகுமாரின் வடிவத்தை. அவர் பம்பாய் ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புப் பயின்றவர். தமிழ் எழுத்துருவியலில் ஆய்வு செய்தவர். தேவநாகரி ‘ர’ எழுத்தும் உரோமன் ‘ஆர்’ எழுத்தும் அக்குறியீட்டில் எவ்வாறு இணைகின்றன, மேலே உள்ள இணைகோடுகள் எதைக் குறிக்கின்றன என்பதை அவர் விளக்கினார். குறி எளியது, அதன் பின்னுள்ள எண்ணமோ விரிவானது. 2011 முதல் அது நாணயங்களில் இருக்கிறது. தொகுப்பில் ஒரு படத்திற்கு அருகே, ‘கேட்டது இது, முதலில் செய்தது இது, மாற்றியது இதனால்’ என்று நான்கு வரிகள் எழுதியிருந்தால், பார்ப்பவர் கருத்துச் சொல்லவும் பிடி கிடைக்கும்.

இனி, வங்கியாளர் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. தொகுப்பை அனுப்பிய மறுநாளே, ‘உங்கள் படைப்புகள் ஈடிணையற்றவை, நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டீர்கள்’ என்று கைப்பேசியில் செய்தி வந்து, பதிவுக் கட்டணமோ பயிற்சிக் கட்டணமோ கேட்கப்பட்டால், அது மோசடி என்றே கொள்ளுங்கள். வேலை தருபவர் பணம் கேட்பதில்லை. ஒரு குறையும் சொல்லாமல் முழுதும் புகழ்வதே முதல் அடையாளம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக் காத்திராமல் உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை எட்டாத தொலைவுக்குக் கொண்டுபோய்விடும். மற்றொன்று: ‘தேர்வுக்காக’ என்று சொல்லி ஒரு முழு விளம்பரத் தொடரையே இலவசமாகச் செய்து தரச் சொல்வோரும் உண்டு. இரண்டு மணி நேரத்தில் முடியும் சிறு பயிற்சியைச் செய்து கொடுக்கலாம். அதற்கு மேற்பட்டது வேலை. வேலைக்குக் கூலி உண்டு.

வாடிக்கையாளர்களில் பலர் கடை நடத்துபவர்கள், அச்சகம் வைத்திருப்பவர்கள், சிறு நிறுவன உரிமையாளர்கள். உங்களிடம் தொகுப்போடு ஓர் இளைஞர் வந்தால், வேலை கொடுக்க இயலாவிட்டாலும் ஒரு காரணம் கொடுங்கள். ‘நிறங்கள் பிடித்தன, விலை எழுதிய இடம் தெரியவில்லை’ என்ற ஒரு வரி போதும். அதற்கு ஆகும் நேரம், ஒரு காசோலையின் பின்புறம் கையொப்பமிடும் நேரம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தொகுப்பைப் பிள்ளை காட்டும்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கத்தில் உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். மாதத்தின் முதல் வாரத்தில் ஓய்வூதியம் பெற வருபவர்கள் நம் கிளைகளில் அமர்ந்திருப்பார்கள். பிள்ளை அவர்களில் ஒருவரிடம் அனுமதி கேட்டு மூன்று தாள்களை நீட்டட்டும். எந்தத் தாளை அவர் கண்ணருகே கொண்டுபோகிறார், எதைப் படிக்காமலே திருப்பிக் கொடுக்கிறார் என்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.