வாசிக்காமல் வைத்த கையெழுத்து



சஞ்சிகைக் கட்டுகளோடு ரத்தோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தோம். நல்ல மழை. ஒரு வளைவில் எதிரே வந்த லொறி எங்கள் வேனில் மோதியது. யாருக்கும் காயமில்லை, பம்பர் தொங்கியது, ஹெட்லைட் நொறுங்கியது. தகவல் சொன்னதும் காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். படமெடுத்தார், சிங்களத்தில் படிவம் நிரப்பினார், அதைப் பொனட்டின் மேல் வைத்து, "ஒரு சைன் போடுங்க சேர்" என்றார். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. போட்டுவிட்டேன்.

பேச்சுச் சிங்களம் மாத்தளைத் தமிழருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்துச் சிங்களம் பலருக்கு அப்படியல்ல, எனக்கும்தான். லொறிக்காரர் தன் சேதத்துக்கும் எங்களிடமே நட்டஈடு கேட்டபோது, படிவத்தின் பிரதியை வாங்கி, பக்கத்து வீட்டு ஆசிரியையிடம் கொடுத்தேன். படிவத்தின்படி லொறி நின்றுகொண்டிருந்ததாம்! ஓடிவந்த லொறியை என் கையெழுத்தே நிறுத்திவிட்டது. பல வருடம் சேர்த்த நோ-கிளெய்ம் சலுகையும் போயிற்று.

மதிப்பீட்டாளர் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிழையிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். கையெழுத்திடுமுன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். விபத்து பொலிஸுக்குப் போனால், அங்கே தமிழில் வாக்குமூலம் கொடுப்பது சலுகையல்ல, உரிமை.

இதற்கு முன்பே நாம் வாசிக்காமல் வைக்கும் கையெழுத்து ஒன்று உண்டு: காப்புறுதி எடுக்கும் நாளில். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே. அது அடுத்தவர் இழப்புக்கு. நம் பம்பருக்கு ஒரு சதமும் வராது. ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்தவர்களும் பெறுமதியைப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய வாகனங்களின் விலை எங்கோ போய்விட்டது. தவணைப் பணத்தை மிச்சம் பிடிக்க நாம் பழைய பெறுமதியையே எழுதினோம். 60 இலட்சம் பெறும் வாகனத்தை 30 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், 4 இலட்சம் ரூபா கராஜ் பில்லுக்குப் பாதிதான் கிடைக்கும்; பல பத்திரங்களில் இந்த நிபந்தனை இருக்கிறது.

கடைசிக் கையெழுத்து, காசு வாங்கும்போது. 'முழுமையான, இறுதியான தீர்வு' என்ற தாளில் ஒப்பமிட்டபின் மேலும் கேட்பது கடினம். கராஜில் கழற்றும்போது உள்ளே வேறு சேதம் தெரிந்தால், திருத்துமுன்பே மதிப்பீட்டாளரை மறுபடி அழையுங்கள். கிடைப்பது போதாதென்றால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். அங்கு தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், கட்டணமில்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் முறைப்பாடுகளை ஏற்கிறது.

உங்கள் காப்புறுதிப் பத்திரம் இப்போது எங்கே இருக்கிறது? இன்றிரவே எடுத்து, சிறிய எழுத்துகளையும் விடாமல் வாசியுங்கள். விளங்காவிட்டால் வீட்டில் படித்த பிள்ளையிடம் கொடுத்துக் கேளுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. நான் பட்டபின்தான் கேட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்