எதிர்த்துப் பேசவும் ஓர் ஆங்கிலம் வேண்டும்

பன்னிரண்டு வருடம் ஆங்கிலப் பாடம் படித்துவிட்டு, கல்லூரியில் முதல் நாள் 'உன்னைப் பற்றிச் சொல்' என்று ஆங்கிலத்தில் கேட்டதும் நம் பிள்ளைகள் தலைகுனிந்து நிற்கிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. வகுப்பறை அவர்களிடம் கேட்டது மனப்பாடமும் மௌனமும்தான். வாயைத் திறக்கவிடாத வகுப்பில் பேச்சு எங்கிருந்து வரும்?

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் படிப்பகமும் மாலை வகுப்பும் நடத்தும் தோழர்களுக்கு நாம் சொல்வது ஒன்றுதான்: ஆங்கிலத்தை விவாதமாகச் சொல்லிக்கொடுங்கள்.

விவாதத்தில், சொல்லியாக வேண்டும் என்ற வேகம் முதலில் வரும். சொற்கள் அதன் பின்னால் வரும். 'பிகாஸ்' இல்லாமல் காரணம் சொல்ல முடியாது. 'பட்' இல்லாமல் மறுக்க முடியாது. எதிரணி பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. இலக்கணம் தேவையோடு சேர்ந்து வந்தால் மறக்காது.

தலைப்பை நம் தெருவிலிருந்து எடுங்கள். விசைத்தறிக்கு வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க முடியுமா? ஊருக்குள் வராத பேருந்துக்கு மனுவா, மறியலா? முதல் பத்து நிமிடம் நான்கு நான்கு பேராகத் தமிழிலேயே பேசிக் கருத்தைத் திரட்டட்டும். 'ஐ டிஸ்அக்ரீ, பிகாஸ்' போன்ற ஐந்தாறு தொடக்கங்களைக் கரும்பலகையில் எழுதிப்போடுங்கள். ஆளுக்கு ஒரு நிமிடம். நடுவில் திருத்தாதீர்கள், பிழைகளைக் குறித்துவைத்து, பெயர் சொல்லாமல் கடைசியில் பேசுங்கள். உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் அனுமதி இல்லை. அடுத்த வாரம் அணி மாறட்டும்.

ஓர் எச்சரிக்கை. கல்லூரி மேடைகளுக்குப் பிடித்த தலைப்பு, 'இடஒதுக்கீடு தேவையா?' என்பது. அங்கே மற்றவர்களுக்கு அது போட்டி. நம் மாணவருக்கோ, தான் அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பதற்கே கணக்குச் சொல்லும் விசாரணை. அணி மாறும் விதியை இதற்குப் பொருத்தினால், தன் உரிமைக்கு எதிராகவே அவர் பேச நேரும். ஒரு மனிதரின் மாண்பு பயிற்சிப் பொருள் அல்ல.

1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் சாதியின் தோற்றம் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை படித்த அம்பேத்கருக்கு வயது 25. செனார்ட், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகியோர் சாதிக்குத் தந்த விளக்கங்களை முதலில் எடுத்துவைத்தார். பிறகு அவற்றின் குறைகளைக் காட்டினார். அதன் பின்னரே தன் முடிவைச் சொன்னார். எதிர்த்தரப்பை நேர்மையாகக் கேட்டு மறுப்பது என்பது இதுதான். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அவரும் இரட்டைமலை சீனிவாசனும் நம் மக்களுக்காக வாதாடியதும் ஆங்கிலத்தில்தான்.

நம் பக்கத்து ஊர் பாஞ்சாகுளத்தை மறக்க முடியுமா? 2022 செப்டம்பரில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லித் தலித் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்தார் ஒரு கடைக்காரர். என்ன கட்டுப்பாடு என்று அந்தப் பிள்ளைகள் திருப்பிக் கேட்டார்கள். கேட்கும் அறிவு நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை வகுப்பறை அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதும், நேர்முகத் தேர்விலும் நீதிமன்றத்திலும் பல்கலைக்கழகத்திலும் கேட்கும்படி இன்னொரு மொழியையும் சேர்த்துக் கொடுப்பதும்தான் நம் வேலை.

பத்துப் பேர், ஒரு கரும்பலகை, வாரம் ஒரு மணி நேரம் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள், தோழர்களே.