போகச் சொன்னீர்கள், எங்கே?

மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும், எல்லா வாட்ஸ்அப் குழுமத்திலும் மண்சரிவு அபாய வரைபடம் வந்துவிடும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. கீழே யாராவது ஒருவர் தவறாமல் எழுதுவார்: "எத்தனை தரம் சொல்லியும் தோட்டத்துச் சனம் போகுதில்லையே!" அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதிவு.

மீரியபெத்தையை மறந்துவிட்டோமா? நம்ம மொனராகலையிலிருந்து வெல்லவாய வழியாக ஏறினால் கொஸ்லந்தை. அங்கேதான் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வர வீடு இல்லை, பலருக்குப் பெற்றோரும் இல்லை. அது யாருக்கும் தெரியாத மலை அல்ல. 2005இலும் 2011இலும் அங்கிருந்து போகச் சொல்லி எச்சரித்தோம் என்று அனர்த்தத்துக்குப் பிறகு அதிகாரிகளே சொன்னார்கள்.

சரி, எங்கே போவது? காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, லயன் அறை யாருடைய பெயரிலும் இல்லை. கடன்பட்டு டவுனில் வாடகைக்குப் போனாலும் விடிந்தால் பெரட்டுக்கு அதே மலைக்குத்தான் வரவேண்டும். உயிர் தப்பியவர்களுக்கே புது வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு வருடம் ஆனது. அதுவரை பழைய தேயிலைத் தொழிற்சாலையில் கிடந்தார்கள். மண் சரியுமுன் கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று புதைந்தவர்கள் நூற்றுக்கணக்கானோர் என்றார்கள், பிறகு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. சரிவு எவ்வளவு, அடியில் என்ன பாறை, தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்றெல்லாம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1:10,000 அளவில் வரைந்து வைத்திருக்கிறது. நல்ல வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் 50 மீற்றர் நீளமான லயம் அந்தத் தாளில் அரைச் சென்ரிமீற்றர். அதற்குள் எத்தனை தலை, யார் நடக்க முடியாத கிழவி, யார் பிள்ளைத்தாய்ச்சி என்று எந்தத் தாளிலும் இல்லை. மலையை அளந்த நாடு மனுசரை எண்ணவில்லை.

2023 மார்ச்சில் பூனாகலையில் மறுபடி சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது, பதுளை மாவட்டத்தில் எத்தனை சரிவு! அப்போதும் வரைபடம் இருந்தது.

ஆகவே சிவப்பு பூசுகிறவர்கள் அதே தாளில் பச்சையும் பூசட்டும்: இந்த லயம் இந்தக் காணிக்கு, இத்தனை பேர்ச், உறுதியோடு, இந்தத் திகதிக்குள். தமிழில் அச்சடித்துப் பெரட்டுக் களத்தில் ஒட்டட்டும். 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் பெய்தால் வெளியேற வேண்டும் என்பது விதி. அந்த 150 இரவு இரண்டு மணிக்கு நிறைந்தால் லயத்துக் கதவை யார் தட்டுவது, பாடசாலை மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று உங்கள் பிரதேச செயலகத்தில் இந்தக் கிழமையே கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்தால் கீழே கொமென்டில் போடுங்கள்.