படியும் தராசும்

கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலை எங்கள் ஊர். எங்கள் வீட்டில் இன்றும் ஆழாக்குதான் அளவு. 8 ஆழாக்கு ஒரு படி. சென்ற விடுமுறையில் அம்மா, "ரெண்டு படி அரிசி, ஒரு படி அவல் வாங்கிட்டு வாப்பா" என்றார். கடையிலோ தராசுதான் இருந்தது. படிக்கு ஒரு கிலோ எனக் கணக்கிட்டு வாங்கினேன். அரிசி குறைந்தது, அவல் மிஞ்சியது!

காரணம் எளியது. படி, பொருள் அடைக்கும் இடத்தை அளக்கிறது. தராசு எடையை அளக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் அரிசி ஏறக்குறைய 800 கிராம். அவலோ அதில் பாதிதான். எல்லாப் பொருளுக்கும் ஒரே வாய்பாடு பொருந்துமா?

1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் அளவைகளைக் கொண்டுவந்தது நன்றே. மலையில் சாமையும் தினையும் விளைவிக்கும் உழவரிடம், வாங்குவோர் படியைக் குவித்து அளந்தால் இழப்பு அவருக்கே. அங்கே தராசுதான் நீதி. ஆனால், அரிசி ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு என்று உலை வைக்க ஆழாக்கே எளிது.

ஆகவே சந்தைக்குத் தராசு, அடுப்படிக்கு ஆழாக்கு என்பதே என் கருத்து. நண்பர்களே, உங்கள் வீட்டு ஆழாக்கால் ஒவ்வொரு தானியத்தையும் அளந்து, நிறுத்து, எழுதி வையுங்கள். அம்மாவின் கணக்கும் கடைக்காரர் கணக்கும் அந்தத் தாளில் ஒன்றுபடும்.