கைக்கு எட்டாத மூணு பிளக்கு

ஸ்பார்க் பிளக் மாத்தறதெல்லாம் ஒரு பதிவான்னு கேக்காதீங்க மக்களே. ஊர்ல ஸ்கூட்டர் ஓட்டின எல்லார் வண்டியிலயும் ஒரு பிளக் ஸ்பானரும் ஒரு துண்டு உப்புத்தாளும் கண்டிப்பா இருக்கும். வண்டி மக்கர் பண்ணா கழட்டு, தேய், ஊது, மாட்டு, ஒரு உதை. அஞ்சு நிமிஷ வேலை. அதே வேலைக்கு அமெரிக்காவுல ஒரு மினிவேனுக்கு அரை நாள் ஆகுதுன்னா, அதுக்குக் காரணம் மெக்கானிக்கோட சோம்பேறித்தனம் இல்ல. காரை வரையற மேசையில எடுத்த முடிவு அது. அந்த முடிவுக்கு யார் காசு குடுக்கறாங்கங்கறதுதான் என் கேள்வி.

கார் பக்கம் அதிகம் போகாதவங்களுக்குக் கொஞ்சம் விளக்கம். மினிவேன்ல வர்ற எஞ்சின் பெரும்பாலும் வி6. ஆறு சிலிண்டர், மூணு மூணா ரெண்டு வரிசை, ‘வி’ எழுத்து மாதிரி சாஞ்சு நிக்கும். முன்சக்கரம் இழுக்கற வண்டிங்கறதால எஞ்சினைக் குறுக்குவாட்டுல வச்சிருப்பாங்க. அதனால ஒரு வரிசை ரேடியேட்டரைப் பாத்து நிக்கும், இன்னொண்ணு டிரைவர் காலுக்கு முன்னாடி இருக்கற தகட்டுச் சுவரைப் பாத்து நிக்கும். முன் வரிசை மூணு பிளக்கை அரை மணியில மாத்திடலாம். பின் வரிசை? சுவருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல கை நுழைஞ்சா பெரிய விஷயம். போதாததுக்கு எஞ்சினுக்குக் காத்து கொண்டு போற மேனிஃபோல்டு அது மேலயே சப்பணம் போட்டு உக்காந்திருக்கும்.

டொயோட்டா சியென்னாவையே எடுத்துக்குங்க. 2007 முதல் 2020 வரை அதுல 3.5 லிட்டர் வி6 வந்தது. பின் மூணு பிளக்கைத் தொடணும்னா வைப்பரைக் கழட்டி, அதுக்குக் கீழ இருக்கற தட்டைக் கழட்டி, காத்துக் குழாயைக் கழட்டி, மேல் மேனிஃபோல்டைத் தூக்கணும். திரும்ப மாட்டும்போது புது கேஸ்கெட் போடணும். பிளக் விலையை விடக் கூலி பல மடங்கு.

‘இடம் இல்ல சார், என்ன பண்றது’ன்னு சொல்லுவாங்க. ஒத்துக்க மாட்டேன். ஹோண்டா ஒடிஸியில அதே 3.5 லிட்டர் வி6, அதே குறுக்குவாட்டு அமைப்பு பல வருஷம் வந்திருக்கு. அதுல மேனிஃபோல்டைத் தொடாமலே பின் பிளக்கைக் கழட்டலாம். கையைக் கொஞ்சம் முறுக்கணும், முழங்கையில ரெண்டு சிராய்ப்பு விழும், அவ்வளவுதான். ஆக, மனசு இருந்தா இடமும் இருக்கு.

இது இன்னிக்கு நேத்து வந்த நோயும் இல்ல. 1975-ல செவர்லே மோன்சாங்கற குட்டிக் கார்ல பெரிய வி8 எஞ்சினைத் திணிச்சாங்க. அதுல ஒரு பிளக்கை மாத்த, எஞ்சின் மவுண்ட்டைத் தளர்த்தி, எஞ்சினையே ஜாக்கி வச்சுக் கொஞ்சம் தூக்கணும். பிளக் மாத்த எஞ்சினைத் தூக்கின கதையை அங்க பழைய மெக்கானிக்குங்க இன்னமும் சொல்லிச் சிரிப்பாங்க.

கம்பெனிக்காரங்க பதில் ஒண்ணு இருக்கு. ‘இது இரிடியம் பிளக், 1,20,000 மைல் தாங்கும், அதுவரைக்கும் தொடவே வேண்டாம்.’ உண்மைதான். பழைய சாதா பிளக் 30,000 மைலுக்கு ஒரு தடவை மாத்தினாப் போதும்னு இருந்த காலத்தோட பாத்தா இது பெரிய முன்னேற்றம். ஆனா 1,20,000 மைல் ஓடும்போது அந்த வண்டி யார் கையில இருக்கும்? மொத ஆள் வித்துட்டுப் போயிருப்பான். அமெரிக்காவுல ஓடற வண்டிங்களோட சராசரி வயசு 12 வருஷத்தைத் தாண்டியாச்சு. செலவு விழறது ரெண்டாவது, மூணாவது கைக்கு. அதாவது குழந்தை பொறந்ததும் பழைய மினிவேன் தேடற நம்மள மாதிரி ஆளுங்க தலையில.

சரி, காசு போனாப் போகட்டும். எனக்கு அதை விடப் பெரிய கோவம் வேற ஒண்ணு. கண்ணுக்குத் தெரியாத இடத்துல செய்யற வேலையை எப்படிச் சரிபாக்கறது?

நான் வாங்கின பழைய வேனோட ஒரு ஃபைல் நிறைய ரசீதும் வந்தது. வித்த பெரியவர் ஒவ்வொண்ணையும் தேதி வாரியா அடுக்கி வச்சிருந்தார். அதுல ஒரு ரசீது: ஆறு பிளக், ஆறுக்கும் கூலி. கொஞ்ச மாசத்துல எஞ்சின் லைட் எரிஞ்சு பி0303-ன்னு கோடு வந்தது. மூணாவது சிலிண்டர் சரியா எரியலைன்னு அர்த்தம். பின் வரிசை. ஒரு சனிக்கிழமை மேனிஃபோல்டைத் தூக்கிப் பாத்தா, முன்னாடி மூணும் பளபளன்னு புதுசு. பின்னாடி மூணும் முனை தேஞ்சு, இடைவெளி விரிஞ்சு போன கிழங்க. அந்தப் பெரியவர் ஆறுக்குக் காசு குடுத்து மூணுதான் வாங்கியிருக்கார். பானெட்டைத் திறந்து பாத்திருந்தாலும் அவருக்குத் தெரிஞ்சிருக்காது. அந்த தைரியத்துலதான் பண்ணியிருக்காங்க.

எல்லா மெக்கானிக்கையும் திட்டலை. ஆனா ஒளிச்சு வச்ச பாகம் ஒவ்வொண்ணும் நேர்மைக்கு வைக்கற பரீட்சை, அதுல மேற்பார்வையாளரே கிடையாது. மாசசூசெட்ஸ் மாநிலத்துல 2012-ல மக்கள் ஓட்டுப் போட்டு ‘ரிப்பேர் பண்ற உரிமை’ச் சட்டம் கொண்டு வந்தாங்க. டீலருக்குக் கிடைக்கற தகவல் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்கணும்னு. நல்ல சட்டம். ஆனா தகவல் குடுத்தா மட்டும் போதுமா? கை நுழைய இடமும் உரிமைதானே சாமி?

சட்டம் வர்ற வரைக்கும் நம்மளால முடிஞ்சது:

பழைய வண்டி வாங்கும்போது மைலேஜ், பெயின்ட்டோட சேத்து ‘பின் பிளக் மாத்தியாச்சா, அதுக்கு மேனிஃபோல்டைக் கழட்டணுமா’ன்னும் கேளுங்க. விலை பேசறப்போ இது நல்ல ஆயுதம்.

கடையில விட்டா, வேலைக்கு முன்னாடியே ‘பழைய பிளக் ஆறும் எனக்கு வேணும்’னு சொல்லிடுங்க. ரசீதுல புது மேனிஃபோல்டு கேஸ்கெட் இருக்கான்னு பாருங்க. கேஸ்கெட் இல்லாட்டி ‘ஏன்’னு கேளுங்க.

நீங்களே செய்யறதா இருந்தா எஞ்சின் நல்லா ஆறினப்புறம் தொடுங்க, அலுமினிய ஹெட்டுல மரை சீக்கிரம் போயிடும். கழட்டறதுக்கு முன்னாடி பிளக் குழியில இருக்கற தூசியைக் காத்தடிச்சு எடுத்துடுங்க. மேனிஃபோல்டைத் தூக்கினதும் ஓட்டைகளைத் துணியால மூடுங்க. ஒரு நட்டு உள்ள விழுந்தா எஞ்சினே காலி. புதுப் பிளக்கை ரப்பர் டியூப் துண்டுல சொருகி விரலாலேயே சுத்தி ஏத்துங்க. மரை மாறி ஏறினா டியூப் வழுக்கிடும், ஸ்பானர் வழுக்காது, உடைச்சிடும். கடைசியில டார்க் ரென்ச் வச்சு, புக்குல சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்க.

மாருதி ஆம்னி நம்ம ஊர்ல 1984-ல வந்து 2019-ல நின்னுது. முன் சீட்டைத் தூக்கினா எஞ்சின். அழகான வண்டின்னு யாரும் சொன்னதில்ல. ஆனா மெக்கானிக் என்ன செய்யறார்னு ஓனர் பக்கத்துல நின்னு பாக்க முடிஞ்சது. அந்த மரியாதையைத்தான் பெரிய வண்டிக்காரங்ககிட்டயும் கேக்கறேன்.

உங்க வண்டியில எட்டாத இடத்துல என்ன இருக்கு? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: முழங்கைச் சிராய்ப்புக்குத் தேங்காண்ணெய் நல்லது :-)