பரணில் கிடக்கும் கண்ணாடி

நல்ல கேமரா வாங்குகிறவர்கள் இரண்டு முறை செலவழிக்கிறார்கள். முதல் முறை கேமராவுக்கு. உடன் வந்த லென்ஸ் போதாது என்று சில மாதங்களில் தோன்றியதும், இன்னொரு முறை லென்ஸுக்கு. முகம் துலங்கி, பின்னணி கரைந்து நிற்கும் படங்களைப் பார்த்துவிட்டு அதே மாதிரி எடுக்க நினைக்கிறவர், கடையில் விலைப் பட்டியலைப் பார்த்ததும் மௌனமாகத் திரும்பி வருகிறார். நல்ல படம் என்பது பணமுள்ளவர்களின் சமாசாரம் என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது.

இந்த எண்ணத்துக்குச் சரியான பதில், அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு ரஷ்ய லென்ஸ். பெயர் ஹீலியோஸ் 44-2. குவியத் தூரம் 58 மி.மீ., அப்பர்ச்சர் எஃப்/2. மோட்டார் கிடையாது. மின் இணைப்பு கிடையாது. உலோகக் கூட்டுக்குள் ஆறு கண்ணாடிகள், கையால் திருப்ப சில வளையங்கள், அவ்வளவுதான்.

இதன் பூர்வீகம் ஜெர்மனி. யேனா நகரின் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் வில்லி மெர்ட்டே வடிவமைத்த பயோட்டார் லென்ஸே மூலம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த வடிவமைப்பு சோவியத் யூனியனுக்குப் போனது. ஹீலியோஸ் என்ற பெயரில் ஜெனிட் கேமராக்களின் முகத்தில் ஏறியது. ஜெனிட்-இ என்ற ஒரு மாடல் மட்டுமே 30 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அவற்றில் கணிசமானவை இந்த லென்ஸுடன் வந்தன. அப்படி வந்த கேமராக்களில் சில இந்திய வீடுகளின் பரண்களிலும் கிடக்கின்றன. 1991இல் சோவியத் யூனியன் மறைந்தது. லென்ஸ்கள் மறையவில்லை. டெல்லி சாந்தினி சௌக்கின் கேமரா கடைகளிலோ மும்பை சோர் பஜாரிலோ தேடினால், சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

பழைய லென்ஸ் புதிய கேமராவில் எப்படி உட்காரும்? கணக்கு எளிது. ஹீலியோஸின் பின்புறம் 42 மி.மீ. அகலத் திருகு மரை, எம்42 என்பார்கள். இந்த வகை லென்ஸ், ஃபிலிமிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் உள்ளே கண்ணாடி இல்லாததால் இந்த இடைவெளி மிகக் குறைவு. சோனியில் 18, நிக்கான் இசட்டில் 16, கேனான் ஆர்எஃப்பில் 20 மி.மீ. மீதித் தூரத்தை ஒரு வெற்று உலோகக் குழாய் நிரப்புகிறது. அதுதான் அடாப்டர். ஒரு விதிவிலக்கு உண்டு. நிக்கானின் பழைய டிஎஸ்எல்ஆர்களில் இடைவெளி 46.5 மி.மீ. அங்கே லென்ஸ் சற்றே அதிகம் தள்ளி நிற்பதால், தூரத்து மலையும் கோபுரமும் தெளிவாக விழாது.

பொருத்தியதும் கேமரா, லென்ஸே இல்லை என்று முரண்டு பிடிக்கலாம். 'லென்ஸ் இல்லாமல் ஷட்டரை இயக்கு' என்ற அமைப்பை மெனுவில் தேடி மாற்றுங்கள். ஆட்டம் தடுக்கும் வசதி கேமராவுக்குள்ளேயே இருந்தால் குவியத் தூரமாக 58 என்று கொடுங்கள். அப்பர்ச்சர் முன்னுரிமை மோடில் ஷட்டர் வேகத்தைக் கேமரா தானே கணித்துக்கொள்ளும்.

இனி வேலை உங்களுடையது. எஃப்/2இல் ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஒருவரைப் படமெடுத்தால், ஃபுல் ஃப்ரேம் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 8 செ.மீ. கண் துல்லியமாக இருந்தால் காது மங்கும். திரையில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்து, வளையத்தை மெதுவாகத் திருப்ப வேண்டும். தெருவில் நடமாடும் மனிதர்களுக்கு வேறு வழி: எஃப்/8 வைத்து, தூரத்தை 5 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். சுமார் 4 மீட்டரிலிருந்து 8 மீட்டர்வரை எல்லாம் தெளிவாக விழும். வளையத்தைத் தொடவே வேண்டாம்.

ஹீலியோஸின் புகழுக்குக் காரணம் அதன் குறைதான். ஓரங்களில் வரும் ஒளியின் ஒரு பகுதியை லென்ஸின் கூடே மறைத்துவிடுவதால், பின்னணியின் ஒளிப்புள்ளிகள் வட்டமாக இல்லாமல் பூனைக்கண் போல நீள்கின்றன. இலைகளுக்கு நடுவே வெயில் கசியும் ஒரு மரத்தின் முன் ஆளை நிறுத்தினால், பின்னணி சுழல்வது போலிருக்கும். சின்ன சென்சார் உள்ள கேமராக்கள் ஓரத்தை வெட்டிவிடுவதால் சுழற்சி குறையும்; லென்ஸும் 87 மி.மீ. போல நடந்துகொள்ளும். எதிர்வெயிலில் படம் வெளுத்துப்போகும். கணினியில் வடிவமைத்த லென்ஸ்கள் இந்தக் குறைகளை விரட்டிவிட்டன. ஆனால் 2024இல் வந்த டியூன் இரண்டாம் பாகத்தில் சோவியத் காலத்து லென்ஸ்களும் பயன்பட்டிருக்கின்றன. ஹாலிவுட்டுக்குப் பணப் பஞ்சம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வாங்கும்போது எச்சரிக்கை தேவை. அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் அது ஃபங்கஸ். மும்பை, கொல்கத்தா, சென்னையின் ஈரக்காற்று அதற்கு விருந்து. ஆரம்ப நிலையில் துடைத்துவிடலாம். முற்றினால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். வளையம் இறுகியிருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கும். வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் தயாரான ஆண்டைக் குறிக்கும். வீட்டுக்கு வந்தபின் தோல் உறையில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும்.

நியாயமான ஒரு கேள்வி எழும். எஃப்/1.8 உள்ள புதிய 50 மி.மீ. லென்ஸும் அப்படியொன்றும் எட்டாத விலையில்லையே? உண்மைதான். கூர்மையில் ஹீலியோஸை அது தோற்கடிக்கும். ஃபோகஸும் தானே செய்யும். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நொடியைப் பிடிக்க வேண்டியவர் அதைத்தான் வாங்க வேண்டும். அந்த நொடி இரண்டாவது முறை வராது.

கற்றுக்கொள்கிறவரின் நிலை வேறு. இன்றைய கேமரா முகத்தைத் தானே கண்டுபிடிக்கிறது, கண்ணைத் தானே தேர்ந்தெடுக்கிறது. எதைப் பார்ப்பது என்ற முடிவைப் படமெடுப்பவருக்கு முன்பே எடுத்துவிடுகிறது. கிழவியின் கண் முக்கியமா, அவர் கையிலிருக்கும் சுருங்கிய ரூபாய் நோட்டு முக்கியமா என்று கேமராவுக்குத் தெரியாது. கையால் திருப்பும் வளையம் அந்தக் கேள்வியை ஒவ்வொரு படத்திலும் உங்களிடம் கேட்கிறது. பதில் சொல்ல இரண்டு நொடி ஆகிறது. படமெடுப்பவர் உருவாவது அந்த இரண்டு நொடியில்தான்.

எனவே தாத்தாவின் பழைய கேமராவைப் பேப்பர்காரரின் தராசில் வைப்பதற்கு முன், அதன் முகத்திலிருக்கும் லென்ஸைத் திருகிப் பாருங்கள். கழன்று வந்தால் வெளிச்சத்தில் பிடியுங்கள். கண்ணாடி தெளிவாக இருந்தால், அதற்கு இன்னும் பார்வை இருக்கிறது.